நாப்பத்தெட்டு மணி நேரப் பூட்டு

அதெல்லாம் சரி தம்பி, கடல்ல முங்குறப்போ கையில கட்டுற இந்த டைவ் கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சுங்கிறீங்க, ஏன் பூட்டிக்கிச்சுன்னு சொல்ல மாட்டேங்கிறீங்களே. தானாவா? தானா பூட்டிக்க அது என்ன, கோவிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போன மாமியாரா? குடுங்க இப்படி. மறுபடி முங்கப் போறது பத்து மணிப் படகுலதானே, இருக்கு நேரம். உக்காருங்க.

ம். நேத்து முப்பத்தஞ்சு மீட்டர் ஆழம். மேல வர்றப்போ ஆறு மீட்டர்ல ஒம்பது நிமிசம் நில்லுன்னு கத்தியிருக்கு. நீங்க நின்னது ரெண்டு. ஏன்?

ஆமையா.

ஆமை மூச்சு வாங்க மேல போச்சு, நீங்களும் படம் புடிச்சுக்கிட்டே பின்னாடியே போயிட்டீங்க. சரியாப் போச்சு. ஆழத்துல ஒடம்புல கரைஞ்ச காத்து மெதுவாத்தான் வெளிய வரும் தம்பி. சோடாவ டப்புனு தொறந்தா என்ன ஆகும்? அதேதான், ரத்தத்துல நொரை கட்டிக்கும். ஆமைக்கு அதெல்லாம் கெடையாது. அதான் ரெண்டு நாளைக்குத் தண்ணிப் பக்கமே போகாதேன்னு பூட்டிக்கிச்சு. இப்ப நான் பேட்டரியக் கழட்டி மாட்டணும். பழைய மாடலு, கழட்டுனா நேத்து நடந்தது அதுக்கு மறந்து போயிடும். மெசினுக்கு மறந்துடும். உங்க ரத்தத்துக்கு? யாரு குடுத்த ரோசனை இது?

சகலையா. சகலைங்க இருக்கிறதே அதுக்குத்தானே.

என்னது, கம்ப்யூட்டர் ரொம்பப் பயப்படுதா? அதுக்கென்ன பயம், அதுக்கு வீட்டுல பொண்டாட்டி புள்ளையா இருக்கு?

பொறுங்க. மூடியில நாலு திருகு. மூணு வந்துடுச்சு. ஒண்ணு உப்புப் புடிச்சு ஒக்காந்திருக்கு. எண்ணெ விட்டிருக்கேன், ஊறட்டும்.

அது என்ன, எடது கையில? கழட்டிக் காட்டுங்க. அடேயப்பா. முன்னூறு மீட்டர் தாங்கும்னு முதுகுல வெட்டியிருக்கான். கடிகாரம் தாங்கும். கை தாங்குமா? போன வாரம் ஒரு பல் டாக்டர் இதே மாதிரி ஒண்ணு கொண்டாந்தாரு. உள்ள பூரா தண்ணி. எந்தக் கடல்ல சார்னு கேட்டேன். குளியல் தொட்டியிலங்கிறாரு. பக்கத்துல இருக்குற குமிழத் திருகி மூடாம குளிச்சிருக்காரு. முன்னூறு மீட்டர் தாங்குறது முழங்கால் தண்ணியில செத்துப் போச்சு.

இந்த வளையத்தச் சுத்திப் பாத்திருக்கீங்களா? ஒரு பக்கம்தான் சுத்தும். தெரியாம கை பட்டாக்கூட, தண்ணிக்குள்ள இருந்த நேரத்தக் கூட்டித்தான் காட்டும், குறைச்சுக் காட்டாது. செஞ்சவன் மனுசன் புத்தி தெரிஞ்சவன். நீங்க இத எதுக்கு வச்சிருக்கீங்க? முட்டை வேகுற நேரம் பாக்கவா. பாருங்க, பாருங்க. அதுக்கும் ஆகும்.

வந்துடும் தம்பி, திருகு வந்துடும். ஏன் தோளத் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க? படுத்த வாக்கு சரியில்லையா. எந்தத் தோளு?

ரெண்டுமா. நேத்து சாயங்காலத்துலருந்தா. விரல் மரத்த மாதிரி இருக்கா? கொஞ்சமா. கொஞ்சம்தான்.

அதோ ஹாரன். படகு போயிடுச்சு.

கத்தாதீங்க. ஆமா, திருகெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணையும் தொடல. முடியாதுன்னு சொல்லியிருந்தா எதிர்க் கடைக்கு ஓடியிருப்பீங்க, அவன் பேசிக்கிட்டே கழட்டிக் குடுத்திருப்பான். திட்டணும்னா வழியில திட்டிக்கிட்டே வாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். அழுத்தம் குடுக்குற ரூம் ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல படுக்க வச்சுச் சரி பண்ணுவாங்க. சகலைக்கு அப்புறம் போன் பண்ணிக்கலாம். எந்திரிங்க.

எனக்கு இவ்வளவு பேச வராது தம்பி. தொண்டையே காஞ்சு போச்சு. மூணு வருசம் முன்னாடி என் மாப்பிள்ளை இதே மாதிரி வந்து நின்னாரு. அவருக்கும் தோளுதான் வலிச்சுதாம். நான் கேக்கல. பேசாம வாங்கி, நாப்பது செகண்டுல நாலு திருகும் கழட்டிக் குடுத்துட்டேன். இப்ப என் பொண்ணுதான் அவரத் தூக்கி உக்கார வைக்கிறா.