மூச்சு வாங்காத மோட்டார்

இடுப்பு வலிக்காரர்களுக்கு லித்தியம் பேட்டரியைப் போல ஒரு வரப்பிரசாதம் கிடையாது. உங்களுக்கும் அந்தத் தொந்தரவு உண்டு என்று நினைக்கிறேன். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அதனால் நான் சொல்வது உங்களுக்குச் சுலபமாகப் புரியும். பழைய ஈய பேட்டரி ஒன்றைத் தூக்கிப் படகுக்குள் இறக்குவதற்குள் மனிதனுக்கு உயிர் போய் உயிர் வரும். என் மாப்பிள்ளையின் படகில் அப்படி இரண்டு இருந்தன.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட்டு மீன் பிடித்து விற்கிறவர். குடிதண்ணீர் என்பதால் அங்கே பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதி இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரைப் படகின் மூக்கில் மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் போவார்கள். அந்த மோட்டார்களைப் பழுது பார்ப்பதும், பேட்டரிகளை சார்ஜ் செய்து கொடுப்பதும் என் தொழில். கடை படகுத்துறைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்.

என் தங்கை செத்துப்போனதற்கு மாப்பிள்ளையின் கவனக்குறைவுதான் காரணம் என்று இந்த ஸ்டேஷனில் எழுதி முடித்திருக்கிறீர்கள். அவரும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது தவறு. ஒரு பாவமும் அறியாத மனிதர் தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் வந்தேன். நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வாய் ஓயாத ஆள். கல்யாணமான புதிதில் ஒருநாள், அந்த இரண்டு பேட்டரிகளையும் பலகை வைத்துச் சரித்து இறக்கிக்கொண்டே, "உலகத்துலயே ரெண்டு மாமியாரைத் தூக்கிச் சுமக்கிற மருமகன் நான் ஒருத்தன்தான்" என்றார். துறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவருக்கு மாமியார் என்றால் என் அம்மா. அம்மா போனபோது தங்கைக்குப் பால்பல் கூட விழவில்லை. தலை பின்னிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் கண் விழித்து வளர்த்தவன் நான். அப்படி வளர்த்தவள், அந்தக் கேலிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்படியெல்லாம் சிரிக்க வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் கோபித்துக்கொள்ளவில்லை, கூடச் சேர்ந்து சிரித்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பகலெல்லாம் கடையில்தான் இருப்பாள். ஜன்னலோரம் அவளுக்கென்று ஒரு முக்காலி உண்டு. எந்த ஸ்பேனர் வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அது என் கைக்கு வந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு கடைத்தெருவுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். உட்காரச் சொன்னால், "இல்லண்ணா, அவர் வர்ற நேரம்" என்பாள். எந்த வேளையில் வந்தாலும் அது அவர் வருகிற நேரமாகத்தான் இருந்தது.

லித்தியம் பேட்டரி என் யோசனை அல்ல. அவள்தான் கேட்டாள்.

"அண்ணா, அவருக்கு இடுப்பு சுத்தமா போச்சு. படுத்தா திரும்பிப் படுக்க முடியல. எடை இல்லாத பேட்டரி ஏதோ வந்திருக்காமே, அத அவருக்குப் போட்டுக் குடேன்."

எழுதிக்கொள்ளுங்கள், அப்போது என் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நல்லதாகப் பார்த்து வரவழைத்தேன். பழையது இரண்டுக்கும் பதில் இது ஒன்று போதும். மாட்டிக் கொடுத்த அன்று மாப்பிள்ளை அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது பேட்டரியா, தலகாணியா?" என்றார். பிறகு தங்கையைக் கூப்பிட்டுப் படகில் உட்கார வைத்தார். அதற்கு முன் அவள் அதில் ஏறியதே இல்லை. பேட்டரி இரண்டு, ஐஸ் பெட்டி, அவர் என்று ஏறினாலே தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும். "ரெண்டு மாமியாரும் எறங்கின பிறகுதான் பொண்டாட்டிக்கு எடம் கெடச்சுது" என்று சொல்லிக்கொண்டே துறையை ஒரு சுற்று சுற்றி வந்தார். நான் கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கும்போதுதான் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். தூரத்துப் பெரிய ஏரிக்கே போய்விடப் போகிறார்களாம். இந்த பேட்டரி இருந்தால் அங்கே பொழுது சாயும்வரை ஓட்டலாமாம். வாடகைக்கு வீடு கூடப் பார்த்தாகிவிட்டது. தங்கை அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீயும் வந்துடேன் அண்ணா. இந்தக் கடைய அங்க வச்சா ஓடாதா?" என்றாள். நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னைக் கூப்பிடுவதற்கு அவள் அவரிடம் கண்ணால் அனுமதி கேட்டாள். அதை நான் பார்த்துவிட்டேன்.

பெரிய ஏரி என்றால் கடல் மாதிரி. காற்று எழும்பினால் அலை ஆள் உயரத்துக்கு வரும். அங்கே கேலி பேசிக்கொண்டு திரிகிற ஒருவரை நம்பி என் தங்கையை அனுப்புவதா? அவள் நல்லதுக்கு யாராவது ஒரு முடிவு எடுக்கத்தானே வேண்டும். இத்தனை காலமும் எடுத்தவன் நான்தான்.

இப்போது தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈய பேட்டரி தீரும்போது மெல்ல மெல்லத்தான் தீரும். மோட்டாரின் சத்தம் இறங்கும், படகு சோம்பும். மாப்பிள்ளை அதை மூச்சு வாங்குவது என்பார். மீட்டர், கீட்டர் எதையும் பார்க்க மாட்டார். தூண்டிலில் கண்ணும் மோட்டாரில் காதுமாக இருப்பார். "மூச்சு வாங்குது, திரும்பிடலாம்" என்று சொல்லித் திரும்பினால், துறைக்கு வந்து சேரச் சரியாக இருக்கும். அவர் காது ஒருநாளும் தப்பியதில்லை. லித்தியத்துக்கு இந்த மூச்சு வாங்குகிற வழக்கமே கிடையாது. முதல் நிமிடம் எப்படி ஓடியதோ அப்படியே கடைசிவரை ஓடும். சரக்கு தீர்ந்ததும் உள்ளே இருக்கிற பாதுகாப்பு, கரண்டைத் துண்டித்துவிடும். அதோடு சரி.

படகில் மூன்று விளக்கு வைத்த மீட்டர் ஒன்று இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. ஈய பேட்டரிக்காகச் செய்தது அது. லித்தியத்தில் மாட்டினால், பாதி தீர்ந்திருந்தாலும் முக்கால்வாசி தீர்ந்திருந்தாலும் பச்சைதான் காட்டும். புது பேட்டரியோடு அதற்கான மீட்டரும் வந்தது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அது சரியாகச் சொல்லும். இதோ, சட்டைப் பையில் கொண்டு வந்திருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் ஒட்டியிருக்கிற தாளைக்கூட நான் உரிக்கவில்லை. "பழைய மீட்டரே இருக்கட்டும் மாப்பிள்ளை, நல்லாத்தான் இருக்கு" என்றேன். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை. அவரிடம் நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

புது சார்ஜர் என் கடையில்தான் இருந்தது. மாலையில் பேட்டரி என்னிடம் வரும், காலையில் நானே கொண்டுபோய்ப் படகில் மாட்டிவிடுவேன். கொஞ்ச நாள் முழு சார்ஜோடு கொடுத்தேன். அவருக்கு நம்பிக்கை பிறக்க வேண்டுமே. பிறகு மழை பிடித்தது. நீர்த்தேக்கம் நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்குச் சுவர் மேலே வழிந்து, கீழே பாறையில் விழ ஆரம்பித்தது. அந்தச் சுவருக்கு முன்னால் மஞ்சள் மிதவைகள் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தாண்டிப் படகு போகக் கூடாது என்பது சட்டம். மீன் கூடுவது அதைத் தாண்டித்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். மோட்டார் ஓடுகிறவரை தண்ணீரின் இழுப்பு ஒன்றும் செய்யாது. அந்தச் சமயத்தில் துடுப்பு ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. ஒட்டித் தருகிறேன் என்று கடைக்கு எடுத்து வந்தேன். விரிசல் ஒன்றில்தான், எடுத்து வந்தது இரண்டையும்.

அன்று மாலை பேட்டரியை சார்ஜரில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் பிளக்கைப் பிடுங்கினேன். நான் செய்தது அவ்வளவுதான். கால்வாசி ஏறியிருக்கும். மிதவையைத் தாண்டி ஒரு வீச்சு வீசிப் பார்க்க அது போதும், திரும்பி வரப் போதாது. அவருக்கு நன்றாக நீந்தத் தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும். நீந்தத் தெரியும் என்று பாறை யாருக்கும் சலுகை காட்டப் போவதில்லை.

காலையில் பேட்டரியை மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை என் தோளைத் தட்டி, "உங்க புண்ணியத்துல இடுப்பு பொழச்சுது மச்சான்" என்றார். நான் கடைக்கு வந்து ஜன்னலோரம் நின்றேன். அவர் கயிற்றை அவிழ்க்கும் சமயத்தில், தெருமுனையிலிருந்து தங்கை குடையோடு வேகமாக நடந்து வந்தாள். படகில் ஏறினாள். அவர் கை கொடுத்தார்.

என்னால் தடுத்திருக்க முடியாதா என்று கேட்காதீர்கள். என்ன சொல்லித் தடுப்பது? ஏன், எதற்கு என்று கேள்வி வரும். பிளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும்.

இல்லை, அதை எழுத வேண்டாம், அடித்துவிடுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதில் போய் என்ன மழுப்பல். "சார்ஜ் சரியா ஏறல, எறங்குங்க" என்று சொன்னால் போதும். யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை ஒரு கேலி பேசிவிட்டு இறங்கியிருப்பார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போது அவள் எட்டி அவருடைய தொப்பியைச் சரியாக வைத்துவிட்டாள். அவர் என்னவோ சொன்னார். அவள் அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்த முகத்தோடே திரும்பியவள் ஜன்னலில் என்னைப் பார்த்தாள். "அண்ணா, போயிட்டு வரேன்" என்று கையைத் தூக்கி ஆட்டினாள்.

நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். பிறகு ஜன்னலைச் சாத்தினேன். வெயில் முகத்தில் அடித்தது.

அப்புறம் நடந்தது மாப்பிள்ளை உங்களிடம் சொன்னதுதான். மிதவையைத் தாண்டிய இடத்தில் மோட்டார் நின்றது. விளக்கு அணைந்தது. துடுப்பைத் தேடினார், இல்லை. படகுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குதித்து மிதவையை எட்டிப் பிடித்துவிட்டார். ஆனால் தண்ணீர் படகை இழுத்துக்கொண்டே இருந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்து ரத்தம் வந்தது. அவள் படகிலிருந்து, "கை அறுக்குது, விட்டுடுங்க" என்றாளாம். அவர் விடவில்லை. கயிறுதான் வழுக்கிக்கொண்டு போனது.

இப்போது அவர் மீன் பிடிக்கப் போவதில்லை. காலையில் எழுந்ததும் என் கடைக்கு வந்துவிடுகிறார். அவளுடைய முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். கட்டுப் போட்ட கைகளால் அவருக்கு டம்ளரைப் பிடிக்க வராது; டீயை நான்தான் ஆற்றி வாயில் வைக்கிறேன். கேலி, பேச்சு எல்லாம் நின்றுவிட்டது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

"மூச்சு வாங்கியிருக்கும் மச்சான். கண்டிப்பா வாங்கியிருக்கும். நான்தான் அவகிட்ட பேசிச் சிரிச்சுக்கிட்டே காத விட்டுட்டேன்."

கேட்பதற்கு அங்கே ஒரு சத்தமும் இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும். "விடுங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்வேன். அப்படியே நாட்கள் போயிருக்கும். எனக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை. முக்காலியில் அவர் உட்காருவது மட்டும்தான் பிடிக்கவில்லை.

நேற்று பக்கத்துக் கடை தையல்காரர் வந்து ஆறுதல் சொன்னார். மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்து, "என் பொண்டாட்டிய நான்தான் கொன்னேன்" என்றார். துறையில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லியிருக்கிறார். எல்லோரும் அவரைக் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். உங்கள் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

அவர் பொண்டாட்டி ஆவதற்கு முன்னால் அவள் என் தங்கை. தலை பின்னிவிட்டது நான். பள்ளிக்கு அனுப்பியது நான். அன்று காலையில் கை ஆட்டி அனுப்பி வைத்ததும் நான்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், நான் வாய் திறக்கவில்லை. இதையாவது என் பெயரில் எழுதுங்கள்.