பன்றிக்கு வியர்க்காது

எனக்கு இளகிய மனசு, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றது தானாக விளங்கும்.

பன்றிக்கு வியர்க்காது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நமக்கு வியர்த்துக் கொட்டினால் உடம்பு குளிரும். அதற்கு அந்த வழி இல்லை. தின்றது செரிக்கும்போது வயிற்றுக்குள் வேறு சூடு கிளம்பும். அதனால் வெயில் ஏறினால் தீனியைத் தொடாது, மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கும், இளைத்துப்போகும். அதற்கு மருந்து என்று ஒன்றை எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் சோதித்தார்கள். ஹீட்டர் போட்ட இரண்டு அறைகள். ஒன்றில் மருந்து கலந்த தீனி, மற்றதில் வெறும் தீனி. தின்றதையும் போட்ட சாணத்தையும் நிறுத்துப் பார்த்து, உடம்பில் எவ்வளவு ஒட்டியது என்று டாக்டரம்மா கணக்குப் போடுவார். மத்தியானம் முழுக்க மருந்து அறைக்குள் உட்கார்ந்து, விழுந்ததும் அள்ளுவது என் வேலை.

அங்கே ஒரு பன்றிக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தேன். எதைப் போட்டாலும் குறை கண்டுபிடிக்கிற முகம். வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டு அது என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, கல்நெஞ்சக்காரனும் கரைந்துவிடுவான். டாக்டரம்மா சாப்பிடப் போனதும் ஏர்கூலர் ஒன்றை உள்ளே உருட்டி வந்தேன். வெப்பமானியைக் கழற்றி ஹீட்டர் ஓரமாக மாட்டினேன், பாவம் அதற்குக் குளிர் பிடித்துவிடக் கூடாதே என்று. தினமும் இப்படித்தான். ஹெட்மாஸ்டருக்குத் துணையாக நானும் நாற்காலியில் சற்றே கண்ணயர்வேன்.

பக்கத்து அறைக்கு ஏன் கூலர் வைக்கவில்லை என்கிறீர்கள். அங்கே நாற்காலி இல்லை.

மருந்து அறைப் பன்றிகள் மொழுமொழுவென்று ஆயின. "மருந்து பிச்சு உதறுதுப்பா!" என்று டாக்டரம்மா குழந்தை மாதிரி சிரித்தார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சந்தோஷமாக இருப்பவர்களைக் கெடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது. அடுத்த கோடைக்குள் மருந்து கடைக்கு வந்துவிட்டது.

என் அக்கா வீட்டுக்காரர் பன்றி வளர்ப்பவர். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கொட்டகையால்தான். மருந்துப் பொட்டலமும் கையுமாக என்னைத் தேடி வந்தார்.

"மச்சான், நீதான் கூடவே இருந்து பாத்தவன். இதைக் குடுத்தா விசிறியெல்லாம் நிறுத்திடலாம்னு கடைக்காரன் சொல்றான். நம்பலாமா?"

கொஞ்சம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் டாக்டரம்மா முகம் வாடிப்போகும். என் வேலையும் போகும்தான், ஆனால் அது எனக்குப் பெரிதில்லை.

"கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க அத்தான். நிம்மதியாத் தூங்குங்க."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அனல் அடித்தது. ஒரே மத்தியானத்தில் கொட்டகை முழுக்கச் செத்துக் கிடந்தன, சினைப்பன்றிகள் உட்பட. தொட்டியில் மருந்து கலந்த தீனி வைத்தது வைத்தபடி இருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொன்னியேடா. அதனாலதானே விசிறியை நிறுத்துனோம்."

"அவனை ஏன் குத்தம் சொல்றே?" என்றார் அத்தான். "அவனுக்கு மட்டும் தெரியுமா என்ன?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை, ஐயா; அப்படி ஒரு புழுக்கம். எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அவர்கள் அந்த விசிறியைப் போட்டிருக்கலாம் அல்லவா? வாயில்லா ஜீவன் மேல் மனுஷனுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா?