மல்லிகை மணத்தைக் கூட்டியது யார்?

மேடையில் அமர்ந்திருந்தாலும் கைகள் இன்னும் சவர்க்கார அச்சைத் தேடிக்கொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவி சல்மா உம்மா அவர்களே! முன்வரிசையை முழுவதும் ஆட்சி செய்யும் மூத்த பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனதில் அடுப்புமாக வந்திருக்கும் தாய்மாரே! பாண்டிருப்பிலிருந்தும் சொறிக்கல்முனையிலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகளே! அனைவருக்கும் என் ஸலாமும் வணக்கமும்!

இன்று எங்கள் சவர்க்காரச் சங்கம் கலவைப் பொறுப்பாளரைத் தெரிவு செய்கிறது. மைமூனாவின் பெயரை முன்மொழிந்தார்கள். உடனே பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு: “அவவா? போன நோன்புச் சவர்க்காரத்தக் கெடுத்தது அவதானே!” கேட்டது தாய்மாரே, மேடைவரை கேட்டது! பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

என் கையில் இருப்பது என்ன? தண்ணீரா? மூடியைத் திறக்கிறேன். ஆகா, முன்வரிசையில் மூக்குகள் நிமிர்கின்றனவே! மல்லிகை! ஆனால் இதில் ஓர் இதழ் உண்டா? இல்லை! ஒரு மொட்டு உண்டா? இல்லை! இதன் பெயர் பென்சைல் அசற்றேற்று. மல்லிகை தனக்குள் மறைத்து வைத்திருக்கும் மணப்பொருளை மனிதன் ஆய்வுகூடத்தில் ஆக்கினான். வினாகிரிக்குப் புளிப்புக் கொடுக்கும் அமிலத்தை இன்னொரு திரவத்தோடு சேர்த்துச் சூடாக்கினான், மல்லிகை மணந்தது! படிக்கிற காலத்தில் என் கையாலேயே இதைச் செய்து முகர்ந்த அன்று, எனக்கு ஏனோ கண் கலங்கியது.

என்ன செல்லத்தங்கம் அக்கா? “பூவிலயே இரிக்கே, பிறகேன் போத்தல்?” என்கிறீர்களா? உங்கள் வளவு மல்லிகை முழுவதையும் பறித்தாலும் பத்துச் சவர்க்காரத்துக்குக் காணாது அக்கா! இந்தப் போத்தல் முந்நூறுக்கும் போதும்.

அந்த முந்நூறைத்தான் பெருநாளுக்கென்று கேட்டார் கடைக்காரர் காலிதீன். மாதமோ நோன்பு மாதம். நோன்போடு அத்தர் முகர்வது மக்ரூஹ், தவிர்க்க வேண்டியது என்று பெண்கள் பகலில் போத்தல் பக்கமே வரவில்லை. சரி, நோன்பு திறந்ததும் கலப்போம் என்றோம். பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் வந்தது, கஞ்சி வந்தது, சுடச்சுடச் சம்சா வந்தது! வீடெல்லாம் வெள்ளைப்பூடும் பொரித்த எண்ணெயும் மணக்க, அந்த மூக்கோடு பானைக்கு முன்னால் போய் நின்றோம்.

மைமூனா கிண்டினாள். அளவுச்சாடியின் கோடுவரை மல்லிகை மணத்தை ஊற்றியாயிற்று. குனிந்து முகர்ந்தேன், சம்சாதான் மணந்தது!

“கோட்டுக்கு ஊத்திட்டம் ராத்தா, போதும்” என்றாள் மைமூனா.

“நீ கிண்டு புள்ள, எனக்குத் தெரியாதா?”

இன்னொரு மடங்கு. மணக்கவில்லை. இன்னும் ஒரு மடங்கு!

சொல்லுங்கள் தாய்மாரே, ஊற்றியது யார்? மைமூனாவா? இல்லை! பாடசாலையில் பிள்ளைகளுக்கு “அளந்து ஊற்று, அளந்து ஊற்று” என்று படிப்பிக்கிற இந்தக் கை! இந்தக் கைதான்!

காலையில் கதவைத் திறந்தால், அழுகிய கதலிப்பழமும் கியூட்டெக்ஸ் நகப்பூச்சும் கலந்த வீச்சம். காலிதீன் வாசலோடு நின்றுவிட்டார்.

“என்ன இது? வாசல்லயே தலையிடிக்கி! இதையா பெருநாளைக்கு விக்கச் சொல்றீங்க? ஆர் கிண்டினது?”

“மைமூனா” என்றது யாரோ ஒரு குரல். அவள் என்னைப் பார்த்தாள். நான் அளவுச்சாடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய சாடியை.

அப்போதுதான் லேபல் ஒட்ட வந்த பாண்டிருப்புக் கேதீஸ்வரி ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தாள்.

“இது கெட்டுப்போகல்ல டீச்சர், கூடிப்போச்சு. தேங்காய் போலத் துருவி, மணமில்லாத சவர்க்காரத்தோட சேத்து உருக்குவம். நீங்க கிண்டுங்க, நான் மணந்து பாக்கிறன். நோன்பு உங்களுக்குத்தானே, என்ட மூக்குக்கு இல்லையே!”

ஆறு நாள்! காய்ந்த உதட்டோடு மைமூனா அளந்தாள். கண்ணை மூடிக் கேதீஸ்வரி முகர்ந்தாள். எங்கள் முன்னால் ஒரு மிடறு தேத்தண்ணியும் குடிக்க மாட்டேன் என்றவளை, “எங்கட நோன்புக்கு நீ ஏன் புள்ள காயிறாய்?” என்று மைமூனாதான் அதட்டிக் குடிக்க வைத்தாள். மூன்றாம் பானையில் கேதீஸ்வரி கத்தினாள்: “நிப்பாட்டுங்க மைமூனா ராத்தா! இப்பதான் பூ பூக்குது!”

பூத்தது! முந்நூறும் பூத்தது! பெருநாளன்று கல்முனையில் எத்தனை வீட்டுக் கிணற்றடியில் அந்த மல்லிகை மணந்தது!

ஆனால் ஊர் எதை நினைவில் வைத்தது? மீட்டதை அல்ல, கெட்டதை. அன்றிலிருந்து மைமூனா பானையைத் தொடவில்லை. மூலையில் இருந்து சவர்க்காரத்துக்குத் தாள் சுற்றுகிறாள். நான் பேசாதிருந்த ஒவ்வொரு நாளும் அவள் ஒரு கட்டு சுற்றினாள். இனியும் பேசாதிருக்கலாமா? இதற்கு மேல் இந்த வாய் என்னத்துக்கு?

மைமூனா, எழும்பு! மேடைக்கு வா. இந்தா, அளவுச்சாடி. கேதீஸ்வரி, நீயும் வா; இந்தப் போத்தல் உன் மூக்குக்கு. சபையோரே, சம்மதமென்றால் கையை உயர்த்துங்கள்! ஓம், பின்வரிசையும்தான்! அட, முணுமுணுத்த கைகள்தான் முதலில் உயர்கின்றன!

என்ன மைமூனா? உரத்துச் சொல், எல்லோருக்கும் கேட்கட்டும்.

“இனிக் கோட்டுக்கு மேல ஊத்தப்படாது ராத்தா.”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! ஓம் மைமூனா, ஊற்ற மாட்டேன். இத்தனை பேர் சாட்சி.

பொறுமையோடு கேட்ட காதுகளுக்கும் உயர்ந்து நிற்கும் கைகளுக்கும் என் நன்றி. ஸலாமும் வணக்கமும் கூறி, கழுவி முடித்த கையோடு இறங்குகிறேன்.