சட்டைப் பையில் ஒரு கான்டாக்ட்

"என் வண்டி குலுங்குற காரணத்தை உங்க சட்டைப் பையிலயா வெச்சிருந்தீங்க?"

மந்தாரக்குப்பத்தில் கிளம்பிய பண்ருட்டி பஸ்ஸில், முன் இருக்கை அக்கா பக்கத்திலிருந்த கணவரிடம் இப்படிக் கேட்டதும் நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். ஒரே முந்திரிக் கிடங்கில் அக்கா மூட்டை தூக்கும் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், கணவர் எலக்ட்ரீஷியன். அவர் உள்ளங்கையில் நகமளவு செம்புத் துண்டு ஒன்று கருகிக் கிடந்தது.

"மோட்டாருக்கு கரண்ட் விடுற இந்த கான்டாக்ட் தீஞ்சுதான் வண்டி குலுங்கிச்சு. நேத்து புதுசு போட்டுட்டேன்."

"நான் பெடலை ஒதைச்சு மிதிக்கிறேன்னு சூப்பர்வைசர் சாவிய வாங்கிட்டாரே? இன்னிக்கு பேக்கிங்ல நிக்கச் சொல்லியிருக்காரு."

"உன் கால்ல தப்பில்ல. போன மாசம் கரி புடிச்சிருக்குன்னு நான்தான் அரத்தால தேய்ச்சேன். மேல இருந்த வெள்ளிப் பூச்செல்லாம் போயிடுச்சு. அதான் சீக்கிரமே தீஞ்சிடுச்சு."

"அடப்பாவி மனுஷா! வூட்டுல தோசைக்கல்லையும் இப்படித்தான் பளபளன்னு தேய்ச்சு வெச்சீங்க. ஒரு வாரம் தோசையே எழும்பல."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"போனதும் சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"கத்துவாரே."

"கத்தட்டும். உன் சாவி உன் கைக்கு வரணும்."

அக்கா அந்தத் துண்டை முந்தானையில் துடைத்து அவர் சட்டைப் பையிலேயே பத்திரமாகப் போட்டார்.

"சரி, அந்த அரம் எங்க?"

"டூல் பையில இருக்கு. ஏன்?"

"எடுங்க. இனிமே அது என்கிட்ட இருக்கட்டும்."

அவர் டூல் பையைத் திறந்து அரத்தை எடுத்துக் கொடுத்தார்.