எட்டு மணிச் சரக்கு வண்டி

இந்தப் பொழுதுபோக்கில் பாதி நேரம் தூசி துடைப்பதிலேயே போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. குட்டி ரயில், குட்டி ஸ்டேஷன், பொத்தானை அழுத்தினால் ஓடும், அவ்வளவுதானே என்று நினைப்பார்கள். தண்டவாளத்தின் மேல் ஒரு தலைமுடி கிடந்தாலும் என்ஜின் நின்றுவிடும். அதனால் தினமும் காலையில் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு, இருபத்தாறு மீட்டர் தண்டவாளத்தையும் துடைப்பேன். முட்டி கழன்றுவிடும் போலிருக்கும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் எனக்கே எனக்கானது. அக்கா கூப்பிட்டால்கூட, "துடைச்சிட்டு வரேன்" என்று சொல்லலாம்.

நீங்கள் கேட்டது இதையில்லை என்று தெரியும். முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவன். முன்பு கடையிலேயே உட்கார்ந்து செய்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கடைக்காரர் வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவர் யாரென்று சொல்லிவிடுவாள். எங்கள் இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான்.

நோய் வந்ததில் அக்காவின் பேச்சும் குழறிவிட்டது. பழகிப்போனதால் எனக்குப் புரியும். மற்றவர்களுக்குக் காற்றும் எச்சிலுமாகத்தான் கேட்கும். அவள் சொல்வதை நான் எடுத்துச் சொல்வேன்.

எங்கள் குழுவில் நான்கு பேர். என்னை விட்டால், பல் டாக்டர், டிரைவர், பசை. டிரைவர் நிஜ ரயிலையே ஓட்டி ஓய்வு பெற்றவர். பசை ஒரு பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார். எதையும் ஒட்டிவிட்டுத்தான் யோசிப்பார் என்பதால் அந்தப் பெயர். நான் வீட்டை விட்டு நகர முடியாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். கூடத்தில் மேசை நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், ஒரு சரக்குக் கிடங்கு வரைக்கும் கட்டியிருந்தோம்.

பேச்சு பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான். புதிதாக வருகிறவர்கள் ரயிலைப் பறக்கவிடுவார்கள். டிரைவருக்கு அது ஆகாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது சரக்கு ஏத்தின வண்டியா, இல்ல சரக்கு அடிச்ச வண்டியா?" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் இதையே சொல்வார். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் சிரிப்போம். பக்கத்து அறையிலிருந்து அக்கா ஏதாவது சொல்வாள். நான் மொழிபெயர்ப்பேன்: "நாலு பேர் வயசையும் கூட்டினா இருநூத்தி முப்பது, விளையாட்டைப் பாருன்னு சொல்றா."

சுவரைக் குடையலாம் என்றது பசைதான். "அக்கா மட்டும் தனியா கிடக்கிறாங்க. அவங்களுக்கும் ஒரு ஸ்டேஷன் வேணாமா?" என்றார். இரண்டு ஞாயிறு வேலை. கூடத்துச் சுவரில் ஒரு குகை. அந்தப் பக்கம் அக்காவின் கட்டிலை ஒட்டி, அவளுடைய இடது கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை. குகை வாயில் நன்றாக இருக்க வேண்டும் என்று டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து ஒரு பை மாவு கொண்டுவந்தார். பல்லுக்கு அச்சு வார்க்கும் மாவு. தண்ணீரில் குழைத்துப் பூசினால் கல் மாதிரி இறுகிவிடும். அதில் அக்காவின் பக்கம், உள்ளே கூடாக ஒரு மலை கட்டினோம்.

அக்காவுக்கு மூன்று வேளை மாத்திரை. காலை எட்டுக்கு வெள்ளை, இரண்டுக்கு இளஞ்சிவப்பு, மாலை ஏழுக்கு மஞ்சள். ரத்தம் உறையாமல் இருக்க, அழுத்தம் ஏறாமல் இருக்க, வலிப்பு வராமல் இருக்க. அவற்றைத் திறந்த வேகனில் வைத்து அனுப்பினேன். அவள் எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால் வண்டி காலியாகத் திரும்பும். முதல் நாள் வண்டி போய் நின்றதும், "வண்டி வந்தாச்சு. பயணிகள் யாரும் இறங்கல," என்றாள். நான் சொல்வதற்குள் மற்ற மூவருக்கும் அது எப்படியோ புரிந்துவிட்டது. டிரைவர் எழுந்து நின்று அவளுக்கு சல்யூட் அடித்தார். அன்றிலிருந்து அவள் 'ஸ்டேஷன் மாஸ்டர்'. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். உண்மை என்பதால் அதையும் சொல்கிறேன்.

பிறகு நடந்ததில் புதிதாக எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துடைக்க வேண்டும், மாற்ற வேண்டும், ஊட்ட வேண்டும், வாயைக் கழுவ வேண்டும். அக்கா ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. அதுதான் அலுப்பு. திட்டினால் பதிலுக்கு நாமும் கோபப்பட்டு முடித்துக்கொள்ளலாம். அவள் ஒவ்வொரு தடவையும், "சிரமம்டா உனக்கு," என்பாள். ஒவ்வொரு தடவையும் நான், "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்பேன். ஐந்து வருஷத்தில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை வேறொரு ஊரில் எங்களைப் போன்ற குழுக்களெல்லாம் கூடிக் கண்காட்சி நடத்துவார்கள். மூன்று நாள். நான்கு வருஷமாக நான் போகவில்லை. ஐந்தாம் வருஷம் எங்களுடைய அமைப்பையே கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. டிரைவர் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்க இல்லாம என்ன சார். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார். யாரும் முகம் கோணவில்லை.

அன்று அவர்கள் போன பிறகு அக்கா கூப்பிட்டாள்.

"போயிட்டு வாடா. மூணு நாளைக்கு ஒரு நர்ஸம்மாவைப் போட்டா போச்சு."

"வேணாம்க்கா. யாரோ வந்து உன்னைத் தொட்டுப் புரட்டிட்டு..."

"எனக்கு என்ன வெக்கம் இனிமே? நீ போ."

நான் போகவில்லை. மூன்று நாள் போய்விட்டு நான்காம் நாள் திரும்பி வந்தாக வேண்டும் என்பது அவளுக்குப் புரியவில்லை.

அந்த வாரம் சரக்குக் கிடங்குக்கு மூட்டைகள் செய்துகொண்டிருந்தேன். மலைக்குப் பூசியது போக மீதியிருந்த மாவைக் குழைத்து, நகக்கண் அளவுக்கு உருட்டி, காய வைத்து, வண்ணம் தீட்ட வேண்டும். மேசையில் நாற்பது மூட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எட்டு மணி மாத்திரையை எடுத்தபோது கை தவறி அவற்றுக்கு நடுவில் விழுந்துவிட்டது. லென்ஸ் தேய்க்கிறவனின் கண் என்னுடையது. அப்படியும் எது மாத்திரை என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆனது.

அந்த ஒரு நிமிஷம்தான். அதற்கு முன் என் மனதில் எதுவும் இருந்ததில்லை.

முதலில் கைப்பழக்கத்துக்காகத்தான் செய்து பார்த்தேன். வெள்ளை சுலபம். நடுவில் இருக்கும் கோட்டை பிளேடால் கீறினேன். இளஞ்சிவப்பு லேசில் வரவில்லை. அந்த நிறத்துக்கு மூன்று நாள் பிடித்தது. மஞ்சளுக்கு மேலே ஒரு மெல்லிய பளபளப்பு உண்டு, அதையும் கொண்டுவந்தேன். வாழ்க்கையில் நான் செய்த மிகச் சின்ன வேலை அதுதான், மிகச் சுத்தமான வேலையும் அதுதான். யாரிடமும் காட்ட முடியாதது மட்டும் ஒரு குறை.

பிறகு ஒரு திங்கட்கிழமை எட்டு மணி வண்டியில் அதை வைத்து அனுப்பினேன். இரண்டு மணிக்கு இளஞ்சிவப்பு. ஏழு மணிக்கு மஞ்சள். நான் அவளுக்குக் கெடுதலாக எதையும் கொடுக்கவில்லை. விஷம், ஊசி, அந்த மாதிரி எதுவும் இல்லை. கொடுத்துக்கொண்டிருந்ததைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் வருஷமே சொல்லியிருந்தார்: "மாத்திரை நின்னா எப்ப வேணா திரும்ப வரும்." எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அக்கா கேட்டாள்.

"தம்பி, மாத்திரை மாறிடுச்சா? வாயில கரையவே மாட்டேங்குது."

"கம்பெனி மாத்திட்டாங்கக்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். குரலை வைத்து ஆளைச் சொல்கிறவள் என்று முன்பே சொன்னேன் இல்லையா.

"பழசையே வாங்கிக் குடேன்டா."

"சரிக்கா."

மறுநாள் எட்டு மணிக்கு வண்டி வழக்கம்போலப் போனது. அவள் பொத்தானை அழுத்தினாள். வண்டி காலியாகத் திரும்பி வந்தது. நான் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அவள் கட்டிலருகே நின்று சிக்னல் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா இடது கையால் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். வேகனைக் காட்டினாள். "டாக்டர், இந்த மாத்திரையைப் பாருங்க," என்றாள். ஒரே மூச்சில், அவளால் முடிந்த அளவு தெளிவாக.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றாங்க சார்?"

"ரெண்டு மணி வண்டி இன்னிக்கு லேட்டாம்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கூடத்திலிருந்து டிரைவர், "மன்னிக்கணும் ஸ்டேஷன் மாஸ்டர்," என்று குரல் கொடுத்தார். அக்கா டாக்டரின் சட்டையை விட்டுவிட்டாள்.

முப்பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை. எட்டு மணி வண்டியை அனுப்பிவிட்டுத் தண்டவாளம் துடைக்க உட்கார்ந்தேன். வழக்கமாக நான்கு நிமிஷத்தில் வண்டி திரும்பிவிடும். அன்று வரவில்லை. உள்ளே தம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். வார்த்தையாக எதுவும் உருவாகவில்லை. எனக்கே புரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "துடைச்சிட்டு வரேன்க்கா," என்றேன். இன்னும் பதினான்கு மீட்டர் பாக்கியிருந்தது. பாலத்துக்கு அடியில் கை நுழைவது சிரமம், அங்கே எப்போதும் நேரமெடுக்கும். அதையும் முடித்தேன். பஞ்சைக் குப்பையில் போட்டேன், கையைக் கழுவினேன், போனேன். அதற்குள் எல்லாம் அடங்கியிருந்தது. அவள் கண்களை மூடிவிட்டேன். ஐந்து வருஷத்தில் முதல் முறையாக அன்று பகலில் தூங்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்த டாக்டர், இரண்டாவது தடவை வந்தால் இப்படித்தான் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குழுவில் மூவரும் அழுதார்கள். பசை தேம்பித் தேம்பி அழுதார். கண்காட்சிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. "அக்காவுக்காகவாவது கொண்டுபோவோம் சார்," என்றது டிரைவர்தான், நான் கேட்கவில்லை.

பலகைகளைக் கழற்ற எல்லோரும் வந்த அன்றுதான் அது நடந்தது. அக்கா அறைப் பலகையை டாக்டர் கழற்றிக்கொண்டிருந்தார். தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவில் ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை சிக்கியிருந்தது. எடுத்தார். நகத்தால் சுரண்டினார். அடியில் வெள்ளையாக இருந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தினமும் அந்த மாவைக் குழைக்கிற விரல்கள்.

"இது என்ன சார்?"

"மாத்திரை."

"இது என் மாவு சார்."

அவர் காலியான கட்டிலில் உட்கார்ந்தார். "அன்னிக்கு என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்களே," என்றார். "வண்டி லேட்டுன்னா சொன்னாங்க?"

பதினொன்றுக்கெல்லாம் லாரி வந்துவிடும், சீக்கிரம் கட்ட வேண்டும் என்றேன். அவர் அந்த மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே போனார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் பாலத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள்.

உங்கள் ஆட்கள் மலையை உடைத்துவிட்டார்கள். நான்கு திருகாணிதான், கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பேன். சிக்னல் கம்பி போக மலையில் விட்ட ஓட்டை வழியாக அக்கா உள்ளே போட்டுவைத்தது எழுபத்தெட்டு என்று சொன்னீர்கள். கணக்குப் பார்த்தால், கரையவில்லை என்று என்னிடம் கேட்ட நாளிலிருந்து அவள் ஒன்றைக்கூட விழுங்கவில்லை. வண்டி வரும், எடுப்பாள், மலைக்குள் போடுவாள், பொத்தானை அழுத்துவாள்.

யாராவது பிறகு கண்டுபிடிக்கட்டும் என்று சேர்த்துவைத்திருக்கலாம் இல்லையா என்று கேட்டீர்கள். நேற்று முழுக்க அதை யோசித்தேன். அக்காவை உங்களுக்குத் தெரியாது. கீழே போட்டால் கூட்டும்போது என் கண்ணில் படும், எனக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான் ஒளித்திருப்பாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமலே சேர்ந்து செய்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

எழுதிக்கொள்ளுங்கள். அக்காவைச் சாகவிட்டது நான்தான், மனமறிந்துதான் செய்தேன். அதே சமயம் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நிஜ மாத்திரைகள் அத்தனையும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, ஒன்றைக்கூட நான் தூக்கி எறியவில்லை. அவள் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருந்தால், அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருப்பேன்.