திருநீற்றுப் பொட்டலம்

தக்காளி ரசம் ஏன் ருசிக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், ஐயா. அதில் குளூட்டமேட் என்று ஒரு பொருள் இருக்கிறது. நாக்குக்கு அது ருசி. குடலுக்கு அது ஒரு செய்தி. குடல் சுவருக்குள் நரம்புகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை ஒன்று எழுப்ப அவை இதே பொருளைத்தான் சுரக்கின்றன. பொருள் சாவி, அடுத்த நரம்பில் அதற்கென்று பூட்டு. சாவி அளவாகத் திரும்பினால் குடல் ஒழுங்காக அசையும். ஓயாமல் திரும்பினால் வீங்கிப் புண்ணாகும், ரத்தத்தோடு போகும். அந்தப் பூட்டின் வாயை மெழுகு வைத்ததுபோல ஒரு மருந்தால் அடைத்தால் என்ன ஆகும்? பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எலிகளை வைத்து அதைத்தான் நான் பார்த்துவந்தேன். வீக்கம் வடிந்தது. குடல் நிதானத்துக்கு வந்தது. பார்க்க அழகாக இருக்கும்.

என் அக்கா ஆறுமுகத்தாய்க்குப் பெருங்குடலில் புண். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவள், பலகையை விட்டு எழுந்து எழுந்து ஓடுவாள். ஆஸ்பத்திரி மாத்திரையில் முகம் உப்பியதும் அத்தனையையும் வாய்க்காலில் கொட்டிவிட்டாள்.

"போதும்லே அம்பலவாணா. இனி சுடலை பாத்துக்கிடுவான்" என்றாள்.

அன்றுமுதல் காலையில் சுடலைமாடன் கோயில் திருநீற்றைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது மட்டும்தான் அவளுக்கு வைத்தியம். திருநீறு வாங்கிவந்து பொட்டலம் மடித்துக் கொடுப்பது நான். அதில் பூட்டை அடைக்கும் என் மருந்துப் பொடியைக் கலந்தேன். அக்கா தேறினாள். வெகுகாலம் கழித்துச் சொதி ஊற்றிச் சாப்பிட்டாள். கூட அப்பளம் இடும் பெண்களிடமெல்லாம் சுடலையின் பெருமையைச் சொன்னாள். வயிற்றுக் கோளாறு என்று வந்தவர்களுக்குப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றே நிறுத்திவிடுவாள், புண் திரும்பிவிடும். கூடப் பிறந்தவன் அதைச் செய்ய முடியுமா?

ஆனால் ஒருத்தி தேறியது எதையும் நிரூபிக்காது, ஐயா. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் பாதிப் பொட்டலங்களில் மருந்து வைத்து, நுனியை உள்ளே செருகினேன். பாதியில் வெறும் திருநீறு, நுனி வெளியே. இன்ன வீட்டுக்கு இன்னது என்று நான் பிரித்துக் கொடுத்தேன். வாங்குகிறவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற அக்காவுக்கும் தெரியாது. ஒருவர்கூட ஒருவேளை தவறவிடவில்லை. மாத்திரையை மறப்பார்கள், சாமி திருநீற்றை மறப்பார்களா?

முத்துராணி, அக்காவுக்குப் பக்கத்துப் பலகையில் அப்பளம் இடுகிறவள். பேதி நிற்கவில்லை என்று வந்தவள். அவளுக்குப் போனது உள்மடிப்பு, மருந்துப் பொட்டலம்.

"ஒங்க காலேஜு மருந்தவிட எங்க சுடலை பெரிய டாக்டரு அண்ணாச்சி. ஊசி போட மாட்டான்" என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன்.

அவளுக்குக் குடல்வால் பழுத்தது அதன் பிறகு. சாதாரணமாக அப்போது வயிறு அலறும். அலறலைச் சுமக்கும் நரம்புகளிலும் அதே பூட்டுதான், அதையும் என் மருந்து அடைத்திருந்தது. காய்ச்சலோடு படுத்திருந்தாள். தொட்டேன். வயிறு அப்பளப் பலகைபோல இறுகியிருந்தது. குடல்வால் உள்ளே உடைந்துவிட்டது என்று அதற்குப் பொருள், எனக்குத் தெரியும்.

"வலி இருக்கா?"

"வலியே இல்ல அண்ணாச்சி. சும்மா கனக்குது."

அவள் புருஷன் இசக்கிமுருகன் வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தான். "அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவமா? நீங்க சொன்னாச் சரி" என்றான்.

"பைய பாக்கலாம்" என்றேன். அவ்வளவு பெரிய வலியை என் மருந்து எதுவரை தாங்கும் என்று எந்த எலியாலும் வாய்திறந்து சொல்ல முடியாது. முத்துராணி சொல்வாள். அடிக்கடி கேட்டேன். இல்லை, இல்லை என்றே சொன்னாள். மறுநாள் உச்சிப்பொழுதில் இறந்தாள். கடைசிவரை முனகவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

பொட்டலம் கொடுத்த கை அக்காவுடையது என்று அவளை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவள் பாவம், ஒன்றும் அறியாதவள். விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் நானே வந்தேன்.

தெருவில் இன்னும் எந்தெந்த வீட்டில் உள்மடிப்பு இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்கு மனப்பாடம். ஆனால் இப்போது சொன்னால் ஒப்பிட்டுப் பார்ப்பது பாதியில் நின்றுவிடும். முத்துராணி வீணாகச் செத்ததாக ஆகிவிடும். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன், ஐயா. இந்த மாதம் முடியட்டும்.