ஒரு பெட்டிக்கு ரெண்டு காவல்

— மறுபடியும் சொல்றேன் அப்பா, ரெண்டும் சேந்து வேண்டாம். ஒரு லேப்டாப்புக்கு ரெண்டு காவல் போட்டா, வாசல்ல வர்றவாளை யாரும் பாக்க மாட்டா. ஒண்ணையொண்ணு முறைச்சுண்டு உக்காந்திருக்கும்.

— ஆகட்டும் சாதனா. எது இருக்கணுங்கறே?

— மெஷினோட கூட வந்ததே, அது போறும். உளவு பாக்கற ப்ரோக்ராம் எதுவானாலும் அதுவே பிடிச்சுடும். காசு குடுத்து வாங்கின ஆன்டிவைரஸைத் தூக்கிடலாம்.

— வருண் நேர்மாறா சொல்றானே. வாங்கினதுதான் ஒசத்தி, கூட வந்தது ஓசிச் சரக்கு, அதை அணைச்சுடுங்கறான்.

— உன் பிள்ளை பெங்களூர்ல உக்காந்துண்டு ஆயிரம் சொல்லுவான். ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு ஊரோட அந்தக் கோடி நியூ டவுன்லேர்ந்து இந்தப் பாலிகஞ்சுக்கு வண்டி பிடிச்சு வர்றது யாரு?

— நீதான். காப்பி ஆறறது, குடி.

— குடிக்கறேன். ராத்திரி பூரா ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை, ரெண்டு கண்ணும் எரியறது. அரே பாபா, இது என்ன? கூட வந்தது ஏன் முழிச்சுண்டிருக்கு? வாங்கினது ஒண்ணு உள்ள வந்துட்டா இது தானா தூங்கிடும் அப்பா. 'அப்பப்போ சோதனை போடு'ன்னு யாரோ டிக் பண்ணி எழுப்பி விட்டிருக்கா. ரிப்பேர்க்காரன் யாரையாவது கூப்பிட்டியா?

— நான்தான் பண்ணினேன்.

— நீயா?

— ஏன், நான் டிக் பண்ணப்படாதா? துறைமுக ஆபீஸ்ல இருந்தப்போ எத்தனை பைல்ல டிக் பண்ணியிருக்கேன்.

— பண்ணு, வேண்டாங்கலை. எதுக்குன்னு கேட்டேன்.

— ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுண்டு உக்காந்திருந்தா சரியா வராது. இன்னொரு பக்கம் என்ன சொல்றதுன்னும் தெரியட்டுமேன்னுதான்.

— அதனாலதான் மெஷின் இப்படி ஊர்றது. சரி, டீக் ஆச்சே, வாங்கினதை நிறுத்தறேன். பாஸ்வேர்ட் கேக்கறது.

— உங்க அம்மா பேர். எல்லாம் சின்ன எழுத்து. வருண் வெச்சது.

— ரெண்டு பேருக்கும் வேற பாஸ்வேர்டே தோணாது போலருக்கு.

— ரெண்டு பேருக்கும்னா?

— ஒண்ணுமில்லை. ஏதோ சொல்ல வந்தேன்.

— அது என்ன, ஸ்க்ரீன்ல சேப்பா ஒரு பெட்டி வந்தது? உடனே மூடிட்டே?

— விளம்பரம். வாங்கினது அப்படித்தான், பயமுறுத்திண்டே இருக்கும். புது வருஷத்துக்குக் காசு கட்டுங்கும்.

— விளம்பரம் இல்லையே. 'இங்க ஒரு சந்தேகப்பட வேண்டிய ப்ரோக்ராம் இருக்கு, அழிக்கட்டுமா'ன்னு கேட்டுது. ஒவ்வொரு தடவை அப்டேட் ஆனப்புறமும் கேக்கும். நான் 'இருக்கட்டும்'னு அமுக்கிடுவேன்.

— இருக்கட்டும்னா? என்னப்பா இது, தெரியாத ப்ரோக்ராமைப் போய்...

— தெரியாததுன்னு யார் சொன்னா?

— அப்பா?

— இரு, போன் அடிக்கறது. வருண்தான். ஸ்பீக்கர்ல போடறேன், காதுல வெச்சுண்டா ஒண்ணும் புரியறதில்லை.

— ஸ்பீக்கர் வேண்டாம் அப்பா. நான் வேணா பால்கனிக்குப் போறேன். அப்பா!

— ஹலோ, வருணா, சொல்லுடா.

— அப்பா, லேப்டாப்ல என்ன பண்ணிண்டிருக்கே?

— நான் ஒண்ணும் பண்ணலையே.

— லிஸன். ஆன்டிவைரஸை யாரோ ஆஃப் பண்ணப் போறா. நீ பாஸ்வேர்ட் அடிக்க கால் மணி நேரம் ஆகும், இது படபடன்னு அடிச்சாச்சு. அவ வந்திருக்காளா?

— பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சுண்டிருக்கா.

— மெஷின்ல கை வைக்க வேண்டாம்னு சொல்லு.

— சாதனா, மெஷின்ல கை வைக்க வேண்டாமாம்.

— கேட்டுது. பெங்களூர்ல இருக்கறவனுக்கு இங்க யார் என்ன அடிக்கறான்னு எப்படித் தெரியும்னு உன் பிள்ளையைக் கேளு.

— வருணா, எப்படித் தெரியும்னு...

— எனக்கும் கேட்டுது அப்பா.

— ரெண்டு பேருக்கும் காது நன்னாத்தானே கேக்கறது? பின்ன நான் எதுக்குடா நடுவுல?

— நீ விடு அப்பா. கூட வந்ததே பிடிச்சு வெச்சிருக்கு, இதோ பாரு. 'வெளியிலேர்ந்து ஒருத்தர் இந்த மெஷினைக் கவனிக்கறார்'ங்கறது. உளவு பாத்துண்டிருக்கான்! அதான் கூட வந்ததை அணை அணைன்னு உன்னைப் பிடுங்கியிருக்கான்!

— பாயின்ட் என்னன்னா அப்பா, அது உளவெல்லாம் இல்லை. நீ தனியா இருக்கே. காலம்பற நீ லேப்டாப் மூடியைத் திறந்தா எனக்கு ஒரு மெஸேஜ் வரும், அவ்வளவுதான். எப்பவோ வந்துட்டுப் போறவன் வேற என்ன பண்ண முடியும்? அவகிட்ட சொல்லு.

— சாதனா, எப்பவோ வந்துட்டுப் போறவன்...

— அவ்வளவுதானாமா? நீ என்ன படிக்கறே, யாருக்கு என்ன அடிக்கறே எல்லாம் அங்க தெரியும் அப்பா! பெத்த அப்பாவை வேவு பாக்க வெக்கமா இல்லையான்னு கேளு.

— கேக்க மாட்டேன்.

— ஏன் கேக்க மாட்டே?

— அவனைக் கேட்டா உன்னையும் கேக்கணும்.

— என்னப்பா சொல்றே? அவளை எதுக்குக் கேக்கணும்?

— அவளும் ஒண்ணு போட்டிருக்காடா.

— வாட்?

— அவ போட்டதை நீ வாங்கிக் குடுத்தது பிடிக்கறது. நீ போட்டதை மெஷினோட வந்தது பிடிக்கறது. அவா அவா தன் காவல்காரன்கிட்ட மட்டும், 'இது நம்மாத்து மனுஷா, உள்ள விட்டுடு'ன்னு சொல்லி வெச்சிருக்கேள். அதான் ஒருத்தி இதைத் தூக்குங்கறா, ஒருத்தன் அதை அணைங்கறான். என்னவோ என் மெஷின் மேல அக்கறைன்னு நெனச்சேன்.

— அப்பா, உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?

— ரொம்ப நாளா. மொதல்ல சேப்புப் பெட்டியைப் பாத்துட்டு பயந்துதான் போனேன். அப்பறம் கண்ணாடியைப் போட்டுண்டு படிச்சா, கீழ உன் ஆபீஸ் மெயில் ஐடி இருக்கு. ஆபீஸ் ஐடியைக் குடுத்துட்டு யாராவது உளவு பாப்பாளாடி?

— அவசரத்துல போட்டேன். எனக்கு வேற ஐடி ஞாபகம் வரலை.

— ஹா! ஐ.டி. கம்பெனில வேலைன்னு பேரு.

— நீ சிரிக்காதே வருணா. நீ பூஜை லீவுக்கு வந்துட்டுப் போன மறுநாளே இங்க புதுசா ஒண்ணு முளைச்சுது. பேரு 'பிரிண்டர் உதவியாளர்'. நம்மாத்துல பிரிண்டரே கிடையாது.

— இப்போ சிரிக்கச் சொல்லு அப்பா, உன் பிள்ளையை.

— தெரிஞ்சுண்டும் ஏன் அழிக்கலை அப்பா? அதைச் சொல்லு.

— எப்படி அழிக்கறது? அழிச்சா மறுநாள் காலம்பற உங்களுக்கு மெஸேஜ் வராது. ஏன் வரலைன்னு என்னைக் கேக்கவும் முடியாது, கேட்டா குட்டு வெளிப்பட்டுடும். ஆபீஸ்ல உக்காந்துண்டு தவிச்சுண்டிருப்பேள். அதான், இது கேட்டாலும் 'இருக்கட்டும்', அது கேட்டாலும் 'இருக்கட்டும்'.

— என்னோடது வேற அப்பா. நான் பக்கத்துல இருக்கேன். ஒண்ணுன்னா ஓடி வர முடியும். தூரத்துலேர்ந்து பாத்துண்டு மட்டும் இருக்கறவன் கதை வேற.

— பக்கத்துல இருந்து என்ன கிழிச்சாளாம்? அந்த ஊர்ப் பெங்காலிக்காரா அத்தனை பேரும் வைத்தியம்னா வேலூர் ஆஸ்பத்திரிக்கு டிக்கெட் வாங்கறா. நம்ம அம்மாவுக்கு நான் வாங்கின டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினது யாருன்னு கேளு.

— உக்காரவே முடியாதவளை ஒரு ராத்திரி ஒரு பகல் ரயில்ல போட்டுக் கூட்டிண்டு போகணுமாம்! 'சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல ஏத்தி விட்டுடு, மத்ததை நான் பாத்துக்கறேன்'னானே. ஏத்தறது யாரு? ராத்திரி முழுக்க அவளைத் திருப்பித் திருப்பிப் படுக்க வெச்சது யாரு? அம்மாவே வேண்டாம்னா அப்பா. 'என்னை அசைக்காதேடி'ன்னா. அதை அவன் கேட்டானா?

— அம்மா சொன்னாளா? எங்கிட்ட அதை யாருமே சொல்லலையே.

— சொல்ல விட்டாத்தானே! பதிமூணாம் நாள் அன்னிக்கு அத்தனை பேருக்கு நடுவுல, 'நீதான் காரணம்'னுட்டு வாசப்படி இறங்கினவன்.

— போறும்.

— இல்லை அப்பா, இன்னிக்குப் பேசித்தான் ஆகணும்.

— போறும்னேன். உங்கம்மா ஷியாமளா போய் ரெண்டு வருஷமாச்சு. அன்னிலேர்ந்து நான் உங்களுக்குத் தபால்காரன். அவகிட்ட இதைச் சொல்லு, அவன்கிட்ட அதைக் கேளு. சரி, அதாவது உக்காந்த எடத்துல பாக்கற வேலை. காலம்பறதான் என்னால முடியலை.

— காலம்பற என்னப்பா?

— மூடியைத் திறக்கணுமே. கொஞ்சம் நாழியானா ரெண்டு ஊர்ல ரெண்டு பேருக்கு வேலை ஓடாதேன்னு எழுந்துக்கறேன். பல் தேய்க்கறதுக்கு முன்னாடி இதைத் திறக்கறேன். ஒரு நாளாவது நன்னா தூங்கலாம்னு பாத்தா முடியறதில்லை. ஜுரத்துல கெடந்த அன்னிக்குக்கூட சுவரைப் பிடிச்சுண்டு வந்து திறந்தேன். இதுல இருக்கற சீட்டாட்டத்துல நாலு சீட்டை அங்க இங்க நகத்தி வெச்சேன். மனுஷன் சௌக்கியமா இருக்கான், சீட்டு ஆடறான்னு நீங்க நெனச்சுப்பேளோல்லியோ? அப்பறம் போய்ப் படுத்துண்டேன்.

— ஜுரமா? எப்போ? எங்கிட்ட சொல்லவே இல்லையே!

— நீதான் பாத்துண்டிருந்தியே சாதனா.

— எனக்குத் திறந்திருக்குன்னுதான் காட்டித்து.

— வருணா, நீ?

— எனக்கும் அப்படித்தான் அப்பா. பச்சை விளக்கு. 'அப்பா சீட்டு ஆடறார்'னு இவகிட்ட... என் ஆத்துக்காரிகிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

— யார் பாத்துண்டா உன்னை?

— மாடி ஷபானாதான். கதவு திறக்கலையேன்னு வந்து தட்டினா. கஞ்சி வெச்சுக் குடுத்தா. அவளுக்கு எந்த மெஸேஜும் வரலை. பேப்பர் வாசல்லயே கெடந்ததாம்.

— அப்பா...

— அழாதேடி. காப்பில விழறது.

— எடுத்துடலாம் அப்பா. ரெண்டையும் எடுத்துடலாம். மொதல்ல அவனோடதை.

— ஏன், மொதல்ல அவளோடதை எடுக்கட்டுமே.

— பாத்தியா அப்பா? இதுல கூட!

— நகரு சாதனா. அந்த நாற்காலியை விடு. கண்ணாடி எங்க? ஆங்.

— என்னப்பா பண்றே?

— இத்தனை நாளா ரெண்டும் 'அழிக்கட்டுமா, அழிக்கட்டுமா'ன்னு கேட்டுதே, பாவம். ரெண்டுகிட்டயும் ஆமான்னுட்டேன்.

— அப்பா, இங்க என் போன்ல எல்லாம் போயிடுத்து. ஒண்ணும் காட்டலை.

— என்னோடதும் போயிடுத்து. அப்பா, நாளைக்குக் காலம்பற நாங்க எப்படி...

— நான் இருக்கேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னா? சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்கோ. தினம் ஒரு போன் பண்ணுவேன். எழுந்துண்டப்பறம், எப்போ எழுந்துக்கறேனோ அப்போ. ஆனா ஒருத்தருக்குத்தான். என்னிக்கு யாருக்குன்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் உனக்கு இருக்கும், நாலு நாள் சேந்தாப்ல அவனுக்கு இருக்கும். எனக்குத் தோணினபடி. போன் வராதவா, வந்தவாகிட்ட கேட்டுக்கோங்கோ.

— இது அநியாயம் அப்பா!

— அப்பா, லிஸன், அதுக்கு பதிலா ரெண்டு பேருக்கும் ஒரு குரூப் மெஸேஜ் போட்டா...

— போட மாட்டேன். என்னைக் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். தபாலாபீஸை மூடியாச்சு.

— எங்க கிளம்பிட்டே?

— பால் வாங்கிண்டு வரேன். மெதுவாத்தான் வருவேன், என்னைத் தேட வேண்டாம். அந்தப் போனை அணைக்காதே.

— போயிட்டாரா?

— செருப்பு மாட்டிக்கறார். இரு. ம், லிஃப்ட் கீழ போறது.

— சாதனா. அம்மா நிஜமாவே சொன்னாளா, அசைக்காதேன்னு?

— சொன்னா.

— ம்.

— உன்னையும் கேட்டா. டிக்கெட் வாங்கின பிள்ளை எப்போ வருவான்னு.

— ...

— இருக்கியா?

— இருக்கேன். நாளைக்குக் காலம்பற எனக்கு போன் வரலைன்னா உன்னைத்தானே கூப்பிடணும். உன் நம்பர் பழசுதானா?

— அதேதான் அண்ணா. நீ பிளாக் பண்ணி வெச்சிருக்கே, அதை எடு மொதல்ல.